சாடியில் ஓடிய கோடு

ஈரப் பஞ்சால் துடைத்தபோதுதான் சுமித்திராவுக்கு அந்தக் கோடு தெரிந்தது. முதல் சூட்டில் வெந்து வெளிறியிருந்த சாடியின் வயிற்றுக்குக் கீழே, தலைமயிர் அளவில், தண்ணீரை உறிஞ்சிக் கறுத்து நின்றது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்க வேண்டியது தொண்டை அடைத்ததுபோல் கேட்டது.

கிளிநொச்சியில் திறக்கவிருந்த ஒரு விடுதிக்காக ஜெயரூபி சக்கரத்தில் எழுப்பிய சாடி அது. பல தடவை சரிந்து, கடைசியில் நின்றது. சாடியையும் கோப்பைகளையும் ஏற்ற மறுநாள் பின்னேரம் வாகனம் வரும்.

இரணைமடு வாய்க்காலோரக் கொட்டகையில் இருவரும் பங்காளிகள். ஜெயரூபி சக்கரத்தில் மண் பிடிப்பாள். சுமித்திரா, சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் கிளேஸைப் பூசிப் படம் வரைவாள். சுமித்திராவின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்துக்கு வந்தவர்கள். அவள் அங்கேதான் பிறந்தாள். கூலிக்கு நாற்று நட்டாள். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்தாள். மீள்குடியேறிய பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் தூரிகை பிடித்தவள், முதல் நாளே தட்டொன்றில் நீர்க்காகம் வரைந்தாள். பிறகு வயலுக்குத் திரும்பவில்லை.

“அக்கா, இதில வெடிப்பு இருக்கு. சூளையில வைக்கேலாது.”

ஜெயரூபி திரும்பிப் பார்க்கவில்லை. “கிளேஸைத் தடிப்பாப் பூசும். மூடீடும்.”

“மூடாது. சூட்டில வாய் திறக்கும். உடைஞ்சு விழுந்தா கோப்பையளிலயும் ஒட்டிப்போடும்.”

“என்ர சாடியைப் பற்றி எனக்குத் தெரியாதோ?”

“ஒருக்காத் தட்டிப் பாருங்கோவன்.”

“தோட்டத்தில இருந்து வந்தவைக்குக் கொஞ்சம் இடம் குடுத்தா...” ஜெயரூபி அவ்வளவோடு நிறுத்தினாள்.

பள்ளிக்கூடத்திலும் கிணற்றடியிலும் சுமித்திரா கேட்ட பேச்சுத்தான். இந்தக் கொட்டகையில் கேட்பாளென்று நினைத்ததில்லை. தூரிகையை வைத்துவிட்டு பஸ் ஏறலாம் போலிருந்தது. ஆனால் அடுக்கி வைத்திருந்த கோப்பைகள் எல்லாவற்றிலும் அவள் வரைந்த நெற்கதிர்கள் இருந்தன.

“நான் தோட்டத்தில பிறக்கேல்லை அக்கா. பிறந்திருந்தாலும் வெடிப்பு வெடிப்புத்தான்,” என்றாள். “பூசித் தாறன். ஆனா எங்க வைக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன்.”

கிளேஸ் காய்ந்ததும் கோப்பைகளைச் சூளையின் மேல் தட்டுகளில் அடுக்கினாள். சாடியைக் கீழே தனியாக வைத்து, உடைந்த சுடுமண் சூளைப் பலகைகளைத் தடுப்பாகச் சுற்றிவர நிறுத்தினாள். சூளையின் கேஸ் அடுப்பை மூட்டினார்கள். சூளைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. “கேஸைக் கூட்டுங்கோ” என்பதைத் தவிர வேறு கதையில்லை.

மத்தியானம் தாண்ட, உள்ளே ‘டொக்’ என்றது.

ஜெயரூபியின் கை வால்வுக்குப் போய்விட்டது. “நிப்பாட்டுவமோ?”

“இப்ப நிப்பாட்டினா கிளேஸ் உருகாது. எல்லாம் வீணாப்போகும். விடுங்கோ.”

கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

மறுநாள் சூளை ஆறியதும் திறந்தார்கள். கோப்பைகள் பாசிப்பச்சையில் மினுங்கின, ஒன்றிலும் பழுதில்லை. கீழே சாடி இரண்டாகப் பிளந்து, பலகையில் சாய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஜெயரூபி குந்தியிருந்து அதைப் பார்த்தாள். அழவில்லை. விடுதிக்காரருக்குத் தானே போன் எடுத்தாள். “சாடி இல்லை. வெடிப்பெண்டு சொல்லியும் நான்தான் கேக்கேல்லை.”

வாகனம் போனதும் சுமித்திரா பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். நாளைக்கு வருவேன் என்று சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபுரத்தில், அவளுடைய வீட்டு வாசல் படலையடியில் ஜெயரூபி நின்றாள். இத்தனை வருசத்தில் ஒருநாளும் வந்ததில்லை. சுமித்திரா கதிரை போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடிப்பாளோ என்று ஜெயரூபியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயரூபி முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

“அண்டைக்கு நான் சொன்னது பிழை.”

“பிழைதான்,” என்றாள் சுமித்திரா.

ஜெயரூபி வெறும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மண் பிசைஞ்சு வைச்சிருக்கிறன்.”

“பிடியுங்கோ,” என்றாள் சுமித்திரா. “புதன்கிழமை வாறன்.”