சாக்கெட்டில் ஒரு தீக்குச்சி

“எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிட்டா ஈயம் பத்தவெக்க வந்துடுமாம்மா?”

திண்டிவனம் ரேடியோ கடையில் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது இது. ரசீது எழுதத்தான் என்னை வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரசீது மட்டும் எழுத மனம் வரவில்லை. கடை மெக்கானிக்கைப் பார்த்துப் பார்த்து, கழித்துப்போட்ட செட்டுகளில் பத்தவைத்துப் பழகினேன்.

மெக்கானிக் வேலையை விட்டு மெட்ராஸ் போன சமயம், ரைஸ் மில்காரர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தார். கூடத்து ரேடியோவின் சொந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதிலிருந்து ஒயர் இழுத்து, உள்ளறையில் படுத்திருக்கும் தன் அம்மாவுக்காக அவர் வைத்தது. பின்பக்க சாக்கெட் பிளந்து, உள்ளே ஒயர் பத்தவைக்கும் டேக் ஒடிந்திருந்தது.

“ஒயர்ல பின்னு இல்லீங்களா?”

“அது எப்பவோ தொலைஞ்சிபோச்சி. ஒயர சொருவி, தீக்குச்சி வச்சி இறுக்கிக்கினு இருந்தேன். நல்லாத்தான் பாடிச்சி.”

முதலாளி வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். “செய்ம்மா. இது நின்னா இனிமே ரிப்பேர் பெஞ்ச் உன்னுது. கெட்டா ரசீதோட சரி.”

பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, புது சாக்கெட் பொருத்தி, டேகைச் சுரண்டிப் பத்தவைத்தேன். கடை ரேடியோவில் கொடுத்தபோது பாடியது. புதுப் பின் ஒன்றையும் அவர் கையில் கொடுத்தேன்.

“ஒயர்ல இத மாட்டித்தாங்க சொருவணும். தீக்குச்சி வேணாங்க. ஒயர் நழுவினா ரேடியோவே போயிடும்.”

“டீச்சரம்மா கணக்கா பேசுது” என்று சிரித்துக்கொண்டே போனார்.

சில நாளில் ரேடியோவையும் ஸ்பீக்கரையும் வண்டியில் ஏற்றிவந்தார். ரேடியோவுக்குள் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகி நாறியது. ஸ்பீக்கர் தொடர்பு விட்டுப்போய் வால்வு செட் ஓடினால் அப்படித்தான் ஆகும். நான் வைத்த ஈயம் அசையவில்லை. சாக்கெட்டில் பாதித் தீக்குச்சி முறிந்து நின்றது. எடுத்துக் காட்டினேன்.

“பின்னு மாட்டிக்கினு எவன் குந்திக்கினு இருப்பான்? பொம்பள கை வச்சா இப்படித்தான்” என்றார் மில்காரர்.

முதலாளி தீக்குச்சியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: “கஸ்டமர் தப்புன்னு நான் சொல்ல முடியுமாம்மா? போய் ரசீது எழுது.”

அப்பாவிடம் சொல்லவில்லை. மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டை தூக்கும் இடமெல்லாம், “எம்பொண்ணு ரேடியோ ரிப்பேர் பண்ணுது” என்று சொல்லிவைத்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ செட் வந்தது. முதலாளி புது மெக்கானிக்கை வைத்துக்கொண்டார்; என்னைத் தொடவிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பின்னைக் கையில் கொடுத்தால் வேலை முடியாது. ஒயரையும் கொண்டுவரச் சொல்லி, நீங்களே மாட்டி, இழுத்துப் பார்த்துக் கொடுங்கள். அப்படிச் செய்தாலும் பழி வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு மைக்செட் கடைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அங்கும் ஈயம் பத்தவெக்க வருமா என்ற அதே கேள்விதான் காத்திருக்கும். ரசீதுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். குப்பையில் போட்ட அந்தக் கருகிய டிரான்ஸ்பார்மர் என் மடியில் இருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் திரும்பச் சுற்றிப் பழக, மேல்சுற்றுக் கம்பியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.