வீட்டுக்குள் வராத சொல்

குளத்தூர் சதாசிவன் இருபது ஆண்டுகள் கான்பூரில் தோல் பதனிடும் ஆலையொன்றில் வேலை பார்த்தார். அங்கே தோலுக்குச் 'சமடா' என்று பெயர். நாம் சருமம் என்கிறோமே, அந்தச் சமஸ்கிருதச் சொல்தான் வடக்கே பேச்சில் தேய்ந்து 'சம்ம' ஆகி, பிறகு சமடாவாக நின்றது. மாட்டின் தோலும் அதுதான். மனிதரின் தோலும் அதுதான். அத்தொழில் செய்தவர்களின் சாதிப் பெயரும் அதே வேரில் முளைத்தது. அதைத் தெருவில் வசையாக எறிவார்கள். சதாசிவனின் மனைவி பூல்மதி அந்தச் சாதி வீடொன்றில் பிறந்தவள்.

1991இல் ஆலை மூடியதும் இருவரும் ஊருக்கு ரயிலேறினார்கள். கேரள எல்லையில் பாறசாலை நெருங்கும்போது, "அந்தச் சொல்லை அங்கே எடுக்காதே" என்றார் அவர். அவள் தலையசைத்தாள். அடுத்த வீட்டில் இருந்த அக்கா சுகுமாரியிடம், பெண்வீட்டார் துணி வியாபாரிகள் என்று சொல்லிவைத்தார். அவள் அக்காவிடம் தமிழ் பழகினாள். வீட்டுக்குள் இந்தி ஒலித்தது. இருவருக்கும் சோறு போட்ட சொல் மட்டும் ஒலிக்கவில்லை. அவளுடைய அப்பாவைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது. நான்காம் ஆண்டு ஒரு காய்ச்சலில் அவள் போனாள், இந்தியும் போயிற்று. மாலைகளில் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பார். வடக்கே போகும் வண்டியில் யாராவது இந்தி பேசுவது காதில் விழுந்தால் உண்டு.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆடி மழையில் அவர் வீட்டுக் கூரை சரிந்தது. தன் வீட்டுக்கே வந்துவிடும்படி அக்கா சொன்னாள். காலையில் பெட்டி எடுக்க வருவதாகவும் சொன்னாள். பூல்மதி இறந்த பிறகு அவர் திறக்காத பெட்டி அது. அதன் அடியில், அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா தைத்துக் கொடுத்த செருப்பு கிடந்தது. பார்த்தால் அக்கா கேட்பாள். கேட்டால் எல்லாம் வெளிவரும். அவருக்கு மிச்சமிருந்த ஒரே வாசலும் அடைபட்டுப் போகும். எப்படியும் பூசணம் தின்றிருக்கும், ஆற்றில் விட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார்.

செருப்பு பளபளவென்றிருந்தது. தேங்காயெண்ணெய் மணத்தது. அவர் இல்லாதபோது அந்த வீட்டுக்குள் வரக்கூடியவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா வந்ததும் அதை நீட்டினார். அவளுக்கு வியப்பொன்றும் இல்லை.

"மழைக்கு மின்னே எண்ண தேய்க்கணும், இல்லேங்கி பூத்துப்போவும்னு அவதான் சொல்லித் தந்தா. நீ ஸ்டேசன்ல போயி இருக்கிய நேரம் வந்து தேய்ப்பேன். அவளுக்க அப்பன் தச்சதாக்கும்."

"அப்பனுக்கு என்ன வேலைன்னு…"

"எல்லாம் சொன்னா. உனக்க துணிக்கடைய நெனச்சு நாங்க ரெண்டுபேரும் கெடந்து சிரிப்போம். உனக்குச் சங்கடமாவும்னு அவ உங்கிட்ட மிண்டல்ல மக்கா."

பெட்டியின் ஒரு பிடியை அக்கா பற்றினாள். மறுபிடியைத் தொடாமல் சதாசிவன் நின்றார். இனி மனைவியைப் பற்றி அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.