மூடிய கிணற்றின் மேல் ஒரு வீடு

மண்ணை ருசி பார்க்காமல் பஞ்சாட்சரம் எந்த வேலையையும் ஒப்புக்கொண்டதில்லை. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். துப்பிய பிறகு ஒரே வார்த்தைதான். "எறக்கலாம்." இல்லையென்றால், "வோணாம்."

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். நாற்பத்தாறு வயதுக்குள் கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை முந்நூறு கிணறுகளுக்கு உறை இறக்கியிருந்தார். கடலோர மணலில் வெறுமனே பள்ளம் தோண்டினால் சரிந்துவிடும். அதனால் சிமெண்ட் வளையமான உறையைத் தரையில் வைத்து, அதற்குள் உட்கார்ந்து மணலை அள்ள வேண்டும். அள்ள அள்ள, உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதன் மேல் அடுத்த உறை. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். அந்தப் படிப்பை நம்பித்தான் ஒரு வீட்டின் உயிரோடு விளையாடிவிட்டார்.

1993ஆம் வருஷக் கோடை. ஊரே குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. சாந்தோமில் கடலைப் பார்த்த ஒரு சந்தில், பழைய மாடி வீடு ஒன்றுக்கு அவரை வரச் சொன்னார்கள். வீட்டுக்காரி காமாக்ஷி, பாட்டு டீச்சர். அவள் கணவர் சுந்தரராமன் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து, கிழக்கு மூலை அறையில் மூன்று மாதமாகப் படுத்த படுக்கை.

அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் மண் ருசித்தது. ஐந்தடியில் கடப்பாரை 'டங்' என்றது. மணலை ஒதுக்கினால், வட்டமாக ஒரு செங்கல் வளையம்! பிஸ்கட் போல மெல்லிய கல். இடையில் பாறையாக இறுகிய சுண்ணாம்பு. வளையத்தின் ஒரு பக்கம் வீட்டுச் சுவருக்கு அடியில் போயிருந்தது. உள்ளே முழுக்க அடைத்திருந்தார்கள்.

"பாய், பழைய கெணறு கீது!" என்று மேலே கயிறு பிடித்திருந்த கூட்டாளி காதரிடம் கூவினார் பஞ்சாட்சரம். "தண்ணி இல்லாத எடத்துல எவன் கெணறு போடுவான்? இத்தயே தூர் வாரிடலாம்."

"எவளோ உழுந்து செத்திருப்பா நைனா. அதான் மூடிட்டானுங்க."

உயிர் வாங்கிய கிணற்றை மூடிவிடுவது வழக்கம். மறுபடி திறப்பதென்றால் மஞ்சளும் வளையலும் வைத்து அனுமதி கேட்பது அவர்கள் தொழிலின் மரியாதை. பஞ்சாட்சரம் கற்பூரம் ஏற்றினார். "தாயே, கோச்சிக்காத. ஊரே தண்ணிக்கு அலையுது" என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் கண் கலங்க மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே இறங்கினார்.

ஜன்னலிலிருந்து சுந்தரராமனின் குரல் ஓயவில்லை. "என்னப்பா வந்தது? கொண்டா, பாக்கறேன்."

உடைந்த செங்கல் ஒன்றைக் கம்பி வழியே நீட்டினார் பஞ்சாட்சரம். கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல போர்த்துகீசியர் கோட்டை இருந்ததுப்பா. பின்னால இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டா. இது அதோட கல்லா இருந்தா?"

"கோட்டைக்கு இன்னாத்துக்கு ஐயா இம்மாத்தூண்டு கல்லு?"

நான்காம் நாள் காலை. எட்டடி ஆழம் காலியாகியிருந்தது. திடீரென்று உள்ளே சத்தமே இல்லை.

"இன்னா நைனா, தூங்கிட்டியா?"

"பாய், ஆள் உழுந்த கெணத்த எப்டி மூடுவாங்கோ?"

"கையில கெடச்சத வாரிக் கொட்டுவாங்கோ. குப்ப, மண்ணு, ஒடஞ்ச பானை."

"இத்த வந்து பாரு. ஒரு வரி கல்லு, ஒரு வரி சுண்ணாம்பு. திமிசு கட்ட போட்டு இடிச்சிகீறான். மறுபடி ஒரு வரி கல்லு. அழுதுகினு மூட்றவன் இவ்ளோ பொறுமையா மூடுவானா?"

மேலே ஏறி வந்தவர் கடப்பாரையை எடுத்தார். சுவரை ஒட்டி ஐந்தடி தள்ளிக் குத்தினார். டங். இன்னும் ஐந்தடி. டங். வீட்டைத் தாண்டி, கடல் பக்கம் தென்னை மரத்தடியில் குத்தியபோதும் அதே சத்தம்.

"பக்கத்துப் பக்கத்துல நாலு கெணறு எவன் வெட்டுவான் பாய்?" கடப்பாரையைக் கீழே போட்டார். "மணல்ல செவுரு நிக்காது. அதான் கெட்டித் தரை வர்ற வரைக்கும் உறைய எறக்கி, உள்ள இடிச்சி அடச்சி, அதும்மேல கட்டிகீறான். இது தண்ணிக்கு வெட்னது இல்ல. பாரம் தாங்க வெட்னது."

வீட்டைத் தாங்கி நின்ற காலின் எலும்பை அல்லவா நான்கு நாட்களாகத் தன் கையாலேயே சுரண்டி எடுத்திருக்கிறார்!

காதர் குரலைத் தாழ்த்தினார். "சாமானை எட்துக்கினு கெளம்பிக்கலாம் நைனா. நாளைக்கி இடிஞ்சா யார்க்குத் தெரியப்போவுது?"

"உள்ள ஒரு மன்சன் படுத்துகினு கீறாரு."

பஞ்சாட்சரம் ஜன்னலுக்குப் போனார். "ஐயா, தலமாட்ல செவுத்துல வெடிப்பு எதுனா கீதா?"

கிழவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "முந்தாநாள்லேர்ந்து இருக்கு. மொதல்ல தலைமயிர் மாதிரி இருந்தது. இப்போ வெரல் நகம் உள்ள போறது."

காபியோடு உள்ளே வந்த காமாக்ஷியின் கையிலிருந்து டம்ளர் விழுந்து உருண்டது. "ஏன்னா! தெரிஞ்சுண்டே வாயை மூடிண்டு இருந்தேளா?"

"சொன்னா தோண்டறதை நிறுத்தச் சொல்லியிருப்பே. மூணு மாசமா மோட்டுவளையைப் பாத்துண்டு கிடக்கேன், காமாக்ஷி. அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்தது."

"உங்களுக்குக் கோட்டை வேணும். எனக்கு நீங்க வேண்டாமா?" என்று கேட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் கைகூப்பினார். "என் தப்பும்மா. கெணறுன்னு நெனச்சிட்டேன். அடைக்காம உங்க வாசப்படி தாண்ட மாட்டேன்."

கட்டிலோடு கிழவரைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து வாங்கி, சோற்றுப் பருக்கையால் வெடிப்பின் குறுக்கே ஒட்டினார் பஞ்சாட்சரம். மே 14, வெள்ளி. "இது கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தம். எல்லாரும் வெளிய ஓடியாந்துருங்கோ."

எடுத்த கற்களையே கழுவினார். சுண்ணாம்பு நீற்றினார். ஒரு வரி கல், ஒரு வரி சுண்ணாம்பு, பிறகு திமிசு. அவசரமே படவில்லை. முணுமுணுத்துக்கொண்டே காதரும் தினம் வந்தார். காமாக்ஷி மணிக்கொரு தரம் டார்ச்சோடு போய்த் தாளைப் பார்த்தாள். மூன்றாம் நாள் "கிழிஞ்சுடுத்து!" என்று அலறினாள். பஞ்சாட்சரம் திமிசைப் போட்டுவிட்டு ஓடினார். பருக்கை காய்ந்து ஒரு முனை மட்டும் சுருண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து குழந்தை போல அழுதுவிட்டார்.

ஏழாம் நாள் வளையம் வாய்வரை நிரம்பியது. தாள் கிழியவில்லை.

பிறகு வீட்டை விட்டு விலகி, மேற்குப் பக்கம் புது உறை இறக்கினார். லேசான உப்பு, ஆனாலும் தண்ணீர். வழக்கப்படி முதல் குடம் காமாக்ஷிக்கு. மூலை அறைக்குத் திரும்பியிருந்த கிழவருக்கு அவள் ஒரு டம்ளர் கொண்டுபோனாள். அவர் அதைக் குடித்துவிட்டு ஜன்னலில் நின்ற பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். "கோட்டையா, வேற எதாவதான்னு கடைசிவரை தெரியலையேப்பா?"

"கட்னவன் யார்னு தெரியாது ஐயா. உறைக்குள்ள எறங்குனவன் என்னாட்டம் ஒருத்தன். அது தெரியும்."

தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களை வெடிப்பின் மேல் ஒட்டிய அந்த மே 14 தாளைத் தொட விடவில்லை சுந்தரராமன். பஞ்சாட்சரம் அந்தச் சந்துப் பக்கம் வந்தால் ஜன்னலில் தலையை நீட்டாமல் போகமாட்டார்.

"ஐயா, இன்னிக்கி தேதி இன்னா?"

"பதினாலுதாம்ப்பா" என்று உள்ளிருந்து குரல் வரும்.