தம்பி ஆடாமல் விட்ட ஆட்டம்

என் தம்பி தொழில்முறைக் கூடைப்பந்து வீரனாக இருந்தான். இங்கே மொன்றியலில் இரண்டு சீசன், பிறகு பிரான்சில் நான்கு மாதம். இதைச் சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிறவர்கள், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒன்றுமே நடக்கவில்லை. அவனுக்குக் காயமில்லை, குடிப்பழக்கமில்லை, யாரும் அவனை ஏமாற்றவுமில்லை. கையில் இருந்ததை அவன் எடுத்து ஆடவில்லை, அவ்வளவுதான்.

கூடைப்பந்து முதலில் என்னுடையது. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. எனக்கும் அவனுக்கும் மூன்று வயது இடைவெளி. உயர்நிலைப் பள்ளி முழுவதும் நான் அணியில் ஆடினேன். பள்ளி முடிந்து கல்லூரியில் சேர்ந்தபோது பெண்கள் அணித் தேர்வுக்குப் போனேன். மூன்றாம் நாள் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. பயிற்சியாளரான பெண்மணி என்னைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு ஆட்டம் நன்றாக விளங்குகிறது. இன்னும் ஐந்து அங்குலம் இருந்திருந்தால் எடுத்திருப்பேன்" என்றார். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோவில் அழுதேன்.

அந்த வருடம்தான் தம்பி ஒரேயடியாக வளரத் தொடங்கினான். அப்பாவின் தலை அவன் தோளுக்குக் கீழே போய்விட்டது. பொழுது போகாமல் என்னோடு பூங்காவுக்கு வந்தவன், நான் இரண்டு வருடம் பழகிய இடது கை எறிதலை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். பந்து அவன் விரலை விட்டுப் போகும்போது சத்தமே இருக்காது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பெரியவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் அந்தக் கையே அவனைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு சின்ன லீக் ஒன்றில் ஆடும் மொன்றியல் அணி அவனை எடுத்தது. "பந்து எறியிறதுக்குச் சம்பளமோ?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். அப்பா ஒப்பந்தத்தைப் பிரதியெடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார்.

நான் அப்போது மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மொன்றியலில் நடந்த ஒரு ஆட்டத்தையும் தவற விடவில்லை. பெரும்பாலும் அவன் மாற்று ஆட்டக்காரர்களுக்கான வாங்கில் துவாய்த் துண்டைத் தலையில் போட்டபடி உட்கார்ந்திருப்பான். களத்தில் இறக்கினால் பந்து எதிரணிக்குப் போனதும் திரும்பி ஓட மாட்டான், நடப்பான். ஒரு சனிக்கிழமை வேறொருவனுக்குக் கணுக்கால் பிசகியதால் இவனை இறக்கினார்கள். பத்து நிமிடத்தில் பத்தொன்பது புள்ளி. அவனை மறித்து நின்ற எதிரணிக்காரன் கடைசியில் கையை விரித்துச் சிரித்தேவிட்டான். சனம் எழுந்து நின்று கத்தியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அடுத்த பயிற்சிக்கு அவன் நாற்பது நிமிடம் பிந்திப் போனான்.

அதை எனக்குச் சொன்னவர் அவனுடைய பயிற்சியாளர். அவசரத்துக்கென்று அவன் கொடுத்திருந்த தொலைபேசி எண் என்னுடையது. நான் இரத்த மாதிரிக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு மருத்துவமனை நடைபாதையில் நின்றேன். "இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். இப்படி ஒரு கையை இரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். இவனிடம் என்ன சொன்னால் ஏறும் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

ஞாயிறு காலை கோட்-டெ-நெய்ஜில் அவன் இருந்த அறைக்குப் போனேன். முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பயிற்சிக்குப் பிந்திப் போனனீ?"

"பஸ் வரேல்லை."

"பஸ் வராட்டி நடந்து போறது. இருபது நிமிசம்தானே."

"குளிர் அக்கா."

"குளிரோ? அந்த இடத்துக்கு எத்தினை பேர் ஏங்கிக்கொண்டு நிக்கினம் தெரியுமோ உனக்கு?"

அவன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினான். "எனக்கு விளையாடப் பிடிக்கும். அதுக்காக ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி ஓடுறது பிடிக்கேல்லை."

"ஒருத்தருக்கும் பிடிக்காதடா. எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் செய்யினம்."

"உனக்குப் பிடிக்கும்" என்றான். "நீ ஆறு மணிக்கு எழும்பிப் பூங்காவுக்குப் போறனீ. ஒருத்தரும் உன்னைப் போகச் சொல்லேல்லை. நான் கட்டிலில கிடந்து பார்த்திருக்கிறன்."

நான் முட்டையைச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது சீசன் முடிந்ததும் இந்த அணி அவனை வைத்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் பிரான்சில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு அணி, அந்தப் பத்து நிமிடக் காணொளியைப் பார்த்துக் கூப்பிட்டது. போனான். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே பெட்டியோடு திரும்பி வந்தான். அங்கே நாளுக்கு இரண்டு தரம் பயிற்சியாம். அவர்களும் போதும் என்றார்கள், இவனும் போதும் என்றான்.

அப்பா அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோயிலில் கேட்டவர்களுக்கு, "முழங்கால் பிரச்சினை, டொக்டர் விளையாட வேண்டாமெண்டிட்டார்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு தம்பி கோயில் வாசற்படியில் கொஞ்சம் நொண்டி நொண்டி இறங்கினான். அப்பாவுக்காகச் செய்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனை அந்தப் பனியில் தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது.

இப்போது அவனும் ஒரு மருத்துவமனையில்தான் வேலை செய்கிறான், நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. கிழவிகள் அவனைப் பெயர் சொல்லிக் கேட்பார்களாம். ஆறரை மணிக்கு வேலை தொடங்குகிறது; ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை என்று அவனோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னபோது எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

போன மார்ச்சில் பார்க் எக்ஸ்டென்ஷனில் சித்தி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். தொலைக்காட்சியில் பெரிய லீக் ஆட்டம். தம்பியோடு பல்கலைக்கழகத்தில் ஆடியவன் ஒருவன் மாற்று ஆட்டக்காரனாக இறங்கினான். தம்பி இருந்த காலத்தில் அவனுக்குக் களத்தில் இடமே கிடைத்ததில்லை. வந்ததும் ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டான். தம்பி சோபாவிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினான்.

"உனக்கு மனசுக்குள்ள ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன்? அவன் நல்லாக் கஷ்டப்பட்டவன். அவனுக்குக் கிடைக்கத்தானே வேணும்" என்றான். முகத்தில் பொய் இல்லை. சித்தி பொரித்து வைத்திருந்த தட்டிலிருந்து இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

ஒரு சொட்டுப் பொறாமையாவது, ஒரு பெருமூச்சாவது இருந்திருந்தால் அவனோடு சேர்ந்து நானும் வருந்தியிருப்பேன். அதற்கும் வழியில்லை. அவன் இழந்ததற்கு நான் மட்டும் இத்தனை வருடமாகத் துக்கம் காக்கிறேன். மேலங்கி இல்லாமல் பல்கனியில் போய் நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் குளிர் தாங்கவில்லை. உள்ளே வந்தபோது தம்பி காலை மடக்கி எனக்கு இடம் விட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன். அவன் கத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.