மாப்பிள்ளை வீட்டாரும் மீக்கடத்தியும்

போன சனிக்கிழமை சாய்ந்தமருதில் என் தங்கச்சி வீட்டில் ஒரே அமர்க்களம். அவள் மகள் சப்னாவைப் பார்க்க மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவும், வாப்பாவின் தம்பியான சாச்சாவும் வந்திருந்தார்கள்.

சப்னா வெளிநாட்டில் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்கிறவள். விடுமுறையில் வந்திருக்கிறாள்.

"என்ன ஆராய்ச்சி புள்ள?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் உம்மா.

பெருநாளன்று இதே கேள்வியை நான் கேட்டு, பதில் முடிவதற்குள் இரண்டு கோப்பை பிளேன்டி ஆறிப்போனது!

"தாள் அடுக்கின மாதிரி படை படையா இரிக்கிற பொருள் மாமி. நல்லாக் குளிராக்கினா, உள்ளுக்க கரண்டக் கொண்டு ஓடித் திரியிற இலத்திரனெல்லாம் ஒரு இடத்துல கூடி, அடுத்த இடத்துல குறைஞ்சி, அலை மாதிரி வரிசையா நிண்டுரும். அமுக்கம் குடுத்தா அந்த அலை குலையும். மறுகா கரண்ட் தடையே இல்லாம ஓடும். அதுதான் மீக்கடத்தி."

"எவ்வளவு குளிர்? ஃப்ரிட்ஜ் குளிர் காணுமா?"

"காணாது மாமி. அந்தக் குளிருக்கு முன்னால நுவரெலியாவே அடுப்படிதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி கண்ணால் சாடை காட்டினாள் – போதும், நிப்பாட்டு!

சாச்சா தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி. கலியாணத்துக்குப் பொறகு இத உடணும். குடும்பமும் ஆராய்ச்சியும் ஒண்டா இரிக்கேலா."

சப்னாவின் முகம் வாடிவிட்டது. மாமன்காரன் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறையத் தொதல் இனிப்பு...

"பொறுங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "புள்ள, அந்த அலையும் மீக்கடத்தியும் ஒண்டா இரிக்கவே இரிக்காதா?"

சப்னா துள்ளி நிமிர்ந்தாள். "இரிக்கும் மாமி! சில பொருளுக்குள்ள ரெண்டும் சண்டை பிடிச்சிக்கிட்டே ஒண்டா இரிக்கி. அது எப்பிடி எண்டுதான் நான் தேடுறன்."

"எங்கட ஊட்டுலயும் அதுதானே நடந்த?" உம்மா சாச்சாவின் பக்கம் திரும்பினார். "முப்பது வருசம் நான் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிச்சிப்போட்டு வந்துதான் சோறாக்கின. நீங்களும் அந்தச் சோத்தத்தானே தின்ட தம்பி?"

சாச்சா பிளேன்டியைக் குடிக்கத் தொடங்கினார். கோப்பை காலியான பிறகும் குடித்தார்.

ஊரில் எல்லோரும் சப்னாவிடம் கேட்பது, 'படிப்பு எப்ப முடியும்?' என்றுதான். உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால்... மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

அவர்கள் போனதும் தங்கச்சி கேட்டாள், "என்ன மகள், பிடிச்சிரிக்கா?"

"ஓம் உம்மா, மாமியப் பிடிச்சிரிக்கி. மாப்பிள்ளைய இனித்தான் பாக்கணும்!"