விளம்பரத்துக்கு மட்டும் வந்த விருந்தாளிகள்

சில வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இது. லண்டனில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆண்டறிக்கை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பிரிட்டனில் எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரத்துக்கு என்ன விலை என்று சேனல்காரர்கள் பேரம் பேசுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கூட்டி, பார்வையாளர் பங்கு யாருக்கு ஏறியது, யாருக்கு இறங்கியது, விளம்பர வருமானம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவது என் பொறுப்பு. பழைய சேனல்களின் கோடு வருடா வருடம் கீழேதான் போகிறது. இளசுகள் எல்லாம் போனுக்குப் போய்விட்டார்கள். கோடு இறங்குவதை யார் மனமும் நோகாத வார்த்தைகளில் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கணக்கு எடுப்பது இப்படி. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த வீடுகளில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்போம். அதற்குத் தனியாக ஒரு ரிமோட் உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு பட்டன், விருந்தாளிகளுக்கென்று தனியாகச் சில பட்டன்கள். டிவி முன்னால் உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தினால் பெட்டியில் அவரவருக்கு உரிய பச்சை விளக்கு எரியும். அன்றன்றைய விவரம் மறுநாள் காலையில் எங்களிடம் வந்து சேரும். அதில் ஏதாவது வீடு விபரீதமாக இருந்தால், பெட்டி பழுது என்று கம்ப்யூட்டரே அந்த வீட்டைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். மனிதர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இல்லை.

அன்று காலை ஏதோ ஒரு கூட்டல் உதைத்ததால், தள்ளப்பட்ட வீடுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வீடு இரண்டு நாளாகத் தள்ளுபடி ஆகியிருந்தது. எங்களுக்குப் பெயரோ விலாசமோ தெரியாது, ஒரு எண் மட்டும்தான். ஒரே ஒரு ஆள் இருக்கும் வீடு, வயதான ஆண். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு நாடகத்தின் நடுவே விளம்பரம் வந்ததும் அவர் ஒழுங்காகத் தன் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதில் ஒன்றும் அதிசயமில்லை. டீ போட எழுந்து போகாத மனிதர் இந்த நாட்டில் உண்டா?

ஆனால் அவர் திரும்பி வரவே இல்லை. டிவி மட்டும் அதே சேனலில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த விளம்பர இடைவேளையில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். விருந்தாளிகளுக்கு இருந்த எல்லாப் பட்டன்களும் நிரம்பின. விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியதும் எல்லோரும் ஒருசேரப் போய்விட்டார்கள். அடுத்த விளம்பரத்துக்கு மறுபடி வந்தார்கள்.

திங்கட்கிழமை முழுவதும் இதேதான். நிகழ்ச்சி ஓடும்போது வீட்டில் ஆளில்லை, விளம்பரம் ஓடும்போது வீடு நிறைய ஆட்கள். இத்தனை வருடச் சர்வீஸில் நான் பார்த்த அத்தனை வீடுகளிலும் விளம்பரம் வந்தால் ஆள் குறையும். ஆள் கூடிய வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எண்களைத் தவிர வேறு எதையும் நம்பாதவள் என்று என் கணவரே கிண்டல் செய்வார். அன்று அந்த எண்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பையனிடம் காட்டினேன். அவன் சிரித்தான். விளம்பரம் பிடித்த பேய்களைச் சேனல்காரர்களிடம் சொன்னால் கொண்டாடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி பழுதானால் கண்டபடி எரியும். விளம்பரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்கோதான் தெரியும்.

வீடுகளுக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துவரும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அன்று உதிரிபாகம் வாங்க அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவரிடம் ஓடினேன். "அண்ணா, இந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வர முடியுமா?"

"ஏலாது தங்கச்சி. சொல்லாமக் கொள்ளாமப் போய்க் கதவைத் தட்டக்கூடாது எண்டு உங்கட ஆக்கள்தானே ரூல் போட்டவை" என்றார். பிறகு எண்ணைப் பார்த்தார். "இது எங்கட கிங்ஸ்பரி ஐயா வீடெல்லோ? மனுசி செத்துப் போனாப் பிறகு தனிய இருக்கிறவர். ஒருத்தரும் வாறதில்லை. நான் பெட்டி பாக்கப் போனாலே ரெண்டு தரம் தேத்தண்ணி தந்து இருத்தி வைச்சிருப்பார்."

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். வரிசையாக வந்து வரிசையாகப் போன விருந்தாளிகளை அவர் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப ஆர் இந்த ஆக்கள்?" என்றார் கடைசியில்.

அவரே அந்த வீட்டுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. சில நேரம் டிவியை நிறுத்தாமலே கோயிலுக்குப் போகிறவர்தான் என்று சொல்லிக்கொண்டார், ஆனால் அதை அவரே நம்பியதாகத் தெரியவில்லை. வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "நீங்களும் வாங்கோ. இதைக் கண்டாப் பிறகு நான் தனியப் போகமாட்டன்" என்றார். என்னைப் போன்றவர்கள் கணக்கில் உள்ள வீட்டின் வாசலை மிதிக்கவே கூடாது. வேலைக்கு வேட்டு வைக்கும் காரியம் என்று தெரிந்தேதான் வேனில் ஏறினேன்.

லண்டனின் ஓரத்தில் இருக்கும் கிங்ஸ்பரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த மாதத்து வானம் விளக்குப் போடாத அறை போலத்தான் இருந்தது. ஒட்டிக்கட்டிய வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி. அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மணியை அடித்தோம். கதவைத் தட்டினோம். தபால் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி, அண்ணா குனிந்து, "ஐயா" என்று கூப்பிட்டார். உள்ளிருந்து ஒரு பெண் குரல் மிக உற்சாகமாக ஏதோ சோபா தள்ளுபடி பற்றிச் சொல்லியது. அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். இரண்டு நாளாக டிவி சத்தம் ஓயவில்லை என்றார். சத்தம் கேட்டதால்தான் ஆள் நன்றாக இருக்கிறார் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

முன்னறை ஜன்னலில் திரைச்சீலை முழுதாக மூடவில்லை. இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் டிவி. அதன் பக்கத்தில் எங்கள் பெட்டி. சோபாவின் முதுகு என் பக்கம் இருந்தது, அதற்கு மேல் ஒரு தலையும் தெரியவில்லை. ஒரு சிறிய மேசையில் விரித்திருந்த துணி பாதி கீழே இழுபட்டுக் கிடந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. விளம்பரம் முடிந்து ஏதோ சமையல் நிகழ்ச்சி தொடங்கியிருந்தது.

"ஆள் இல்லைப் போல" என்றார் அண்ணா.

எனக்கு நகர மனம் வரவில்லை. இன்னொரு விளம்பரம் வரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குளிரில் நின்றோம். டிவியில் யாரோ வெங்காயம் நறுக்கினார்கள், யாரோ ருசி பார்த்துத் தலையாட்டினார்கள். நான் தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து விளம்பரம் எப்போது வரும் என்று அப்படிக் காத்திருந்ததில்லை.

வந்தது. ஒரு கார் மலைப்பாதையில் போனது. அதே நேரத்தில் ஆளில்லாத அந்த அறையில், பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரோ உள்ளே வந்து வரிசையாக உட்காருவது போலவே இருந்தது. அண்ணா என் தோளைப் பிடித்து இழுத்தார். "முருகா, இதென்ன கோதாரி" என்றார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளங்கையால் ஜன்னல் கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன்.

விளக்குகள் அத்தனையும் அணைந்தன. பிறகு அத்தனையும் எரிந்தன. மறுபடி தட்டினேன். மறுபடி அணைந்து எரிந்தன.

"அண்ணா, யாரோ கீழ கிடக்குறாங்க" என்று கத்தினேன்.

அவசர எண்ணை அழைத்தோம். போலீஸார் வந்து கதவை உடைத்தார்கள், பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தது. அவர்கள் வரும்வரை அண்ணா துவாரத்தில் வாயை வைத்து, "நாங்கள் வந்திட்டம் ஐயா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோபாவுக்கு முன்னால், தரைவிரிப்பின் ஓரத்தில் அந்த ஐயா கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. போன் மாடியில். டிவி ரிமோட் சோபாக் கைப்பிடியில், எட்டாத உயரத்தில். மேசைத்துணியை இழுத்துக் கீழே விழவைத்த ஒரு தண்ணீர் பாட்டில்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது. இரண்டு கைகளாலும் எங்கள் ரிமோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டபோதும் விடவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. அண்ணாதான் கேட்டார், அந்த ரிமோட் எப்படிக் கையில் அகப்பட்டது என்று.

"விளம்பரம் வந்திட்டுது, தேத்தண்ணி போட எழும்பினன். எழும்பினா அழுத்த வேணும் எண்டு நீர்தானே பழக்கினனீர். அழுத்திக்கொண்டே நடந்தன், கால் தடக்கிப்போட்டுது" என்றார். மற்றவர்கள் எல்லாம் விளம்பரத்துக்கு எழுந்தால் பட்டனை மறந்துவிட்டுப் போவார்கள். அவர்களைத் திட்டி நாங்கள் எத்தனை ஞாபகக் கடிதம் போட்டிருக்கிறோம். இவரும் மறந்திருந்தால் அந்த ரிமோட்டும் எட்டாத சோபாக் கைப்பிடியிலேயே இருந்திருக்கும்.

"சரி ஐயா, உங்க பட்டனை ஏன் அழுத்தல?" என்று கேட்டேன்.

"நான் இருக்கிறன் எண்டு காட்டினா அது வழமைதானே பிள்ளை. ஆரும் திரும்பிப் பாக்கமாட்டினம். என்ர வீட்டை ஆக்கள் வந்திருக்கினம் எண்டு காட்டினாத்தான் ஆராவது யோசிப்பினம்."

"ஆனா விளம்பரத்துக்கு மட்டும் ஏன்?"

அவர் என்னை ஒன்றும் தெரியாத குழந்தையைப் போலப் பார்த்தார். "நாடகத்தை எத்தினை பேர் பாக்கினம் எண்டு ஆருக்குக் கவலை? விளம்பரத்துக்குத்தானே பெட்டி வைச்சு எண்ணுறியள். அந்த நேரம் கட்டாயம் நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்." பிறகு மெல்லக் கேட்டார், "முதல் நாளே கண்டனீங்களோ?"

அண்ணா தரையைப் பார்த்தார். ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. யாருமே பார்க்கவில்லை என்றேன். அவர் கூப்பிட்டது அத்தனையையும் பழுது என்று கம்ப்யூட்டர் தள்ளிக்கொண்டிருந்ததையும், வேறு எதற்கோ திறந்தபோது என் கண்ணில் பட்டதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அண்ணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப என்னத்தைக் கண்டு வந்தனீங்கள்?" என்றார்.

"விளம்பரத்துக்கு ஆள் வர்ற வீட்டை நான் எங்கயும் பாத்ததில்ல ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அலுவலகத்தில் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விதியை மீறியதற்கு ஒரு எச்சரிக்கை, அதைக் கொடுத்தவரே கை குலுக்கிவிட்டுப் போனார். தள்ளுபடி ஆகும் வீடுகளை இப்போது தினமும் ஒரு மனிதர் பார்க்கிறார். கணக்கு எழுதும் நான் நேரில் சந்தித்துவிட்டதால் அந்த ஐயாவின் வீடு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, அண்ணாவே போய்ப் பெட்டியைக் கழற்றி வந்தார். ஆண்டறிக்கையையும் எழுதி முடித்தேன். பங்கு இறங்கியது, வருமானம் இடம் மாறியது, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்திய அந்த நாட்கள் மட்டும் எந்த அறிக்கையிலும் இல்லை.

முன்பெல்லாம் வீட்டில் விளம்பரம் வந்தால் முதலில் எழுந்து அடுப்படிக்குப் போவது நான்தான். இப்போது எழுந்திருக்க முடிவதில்லை. எங்கோ ஒரு வீட்டில், சரியாக அந்த நேரத்தில்தான், யாரோ ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்றே தோன்றுகிறது.