சித்திக்கு நான் சொன்ன செய்தி

சண்டை உச்சத்தில் இருந்த அந்த வருடம் எனக்குப் பத்து வயது. கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அம்மா வேலையால் வரும்வரை, பூட்டிய வீட்டுக்குள் நானும் டெலிபோனும்தான். மேல்வீட்டு அண்ணா படியிறங்கும்போது கம்பிக் கதவு வழியாக ஒரு டொஃபி நீட்டுவார். அம்மா வரும்வரை நான் காணும் மனித முகம் அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் கனடாவிலிருந்து சித்தி கோல் எடுப்பார். அங்கே அவரும் சில தமிழரும் சிங்களவரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். இணையத்தில் வரும் புளுகுகளை நம்பி, அங்கே இரு பகுதியும் ஆளையாள் முறைத்துக்கொண்டு திரிந்த காலம். அதனால் அவர்களுக்குள் ஒரு விதி: கொழும்பில் ஒரு வீட்டைக் கேட்காமல் எந்தச் செய்தியையும் நம்பக்கூடாது. பெரியவர்களைக் கேட்டுப் பிரயோசனமில்லை. யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்தில், கூரை எரிந்தாலும் "சுகமாயிருக்கிறம்" என்பார்கள். சின்னப்பிள்ளை பொய் சொல்லாது என்று சித்தி என்னைப் பிடித்தார். பாவம்.

"உங்கடை ரோட்டிலை ஏதும் நடந்ததோ குஞ்சு?"

இல்லையென்று சொன்னால் சந்தோஷமாகப் போனை வைத்துவிடுவார். ஐயோ, அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியே இருப்பதுபோல ஒரு கொடுமை இல்லை. ஒருநாள், எங்கள் ரோட்டு முடக்கில் இருக்கும் கடையை அடித்து நொறுக்கினார்களாமே என்று கேட்டார். "ஓம் சித்தி" என்றேன். கண்ணாடி உடைந்தது, முதலாளி அழுதது எல்லாம் அவர் கேட்கக் கேட்க என் வாயில் வந்தன. அரை மணித்தியாலம் கதைத்தார். அப்படியொரு பின்னேரம் எனக்கு வாய்த்ததேயில்லை.

குழுவில் இருந்த சிங்கள அக்காவின் தம்பி கொழும்பில், புதுக்கடைக் கோர்ட்டில் லோயர். அவர் மினைக்கெட்டு வந்து பார்த்திருக்கிறார். கடை திறந்திருந்தது, மீன் வைத்த மாலுபாண் வாங்கித் தின்றுவிட்டுப் போனாராம். சித்தி அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தார்.

"ஏன் குஞ்சு அப்பிடிச் சொன்னனீ?"

"இல்லையெண்டா வைச்சிடுவீங்கள்."

சித்தி போனை வைத்துவிட்டார். அதோடு நாலு மணி கோலும் நின்றது.

ஒரு மாதம் போயிருக்கும். சிவில் உடுப்பில் நாலுபேர் வந்து மேல்வீட்டு அண்ணாவைப் படியால் இழுத்துக்கொண்டு போனதைக் கம்பிக் கதவுக்குள் நின்று பார்த்தேன். அம்மா வீட்டுக்குள் கால் வைக்கும்போது நானே கோல் எடுத்துச் சித்தியோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

"மேல்வீட்டு அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் சித்தி! அந்த லோயரைக் கெதியா அனுப்புங்கோ!"

"அம்மாட்டைப் போனைக் குடு."

அம்மா வாங்கினார். "அவள் சும்மா கதைக்கிறாளடி. இஞ்சை ஒண்டுமில்லை."

சித்தி தமக்கையை நம்பினார். லோயரும் வரவில்லை, அண்ணாவும் இன்றுவரை வரவில்லை. போனை வைத்த அம்மா போய் யன்னல்களைச் சாத்தினார். மேலே அண்ணாவின் தாய் குழறி அழுவது அம்மாவுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, "இந்த முறை உண்மைதானம்மா" என்று நான் சத்தியம் பண்ணிக்கொண்டே இருந்தேன்.